குதிரைக்குக் கால் நாமதான்

ஓம் சக்தி. 

கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிஞ்சு வந்து ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினது. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. கடைசியில உங்ககிட்ட ஒண்ணு கேக்கப் போறேன்.

போன வாரம் கோயில் கூட்டத்துல ஒரு பேச்சு வந்துச்சு. வர்ற விஜயதசமிக்கு அம்மனோட குதிரை வாகனத்தைத் தோள்ல தூக்க வேணாம், அடியில சக்கரம் வச்சுத் தள்ளிக்கிட்டுப் போயிடலாம்னு. சொன்னவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க சொன்ன காரணம் உண்மை. ஆள் இல்ல. குதிரை வாகனத்துக்குத் தோள் கொடுக்க 16 பேர் வேணும். போன வருஷம் வந்தது 11 பேர். கோயில் பின்பக்கம் திரும்புற இடத்துல வாகனம் ஒரு பக்கமா சாய்ஞ்சதை நீங்களும் பார்த்திருப்பீங்க. அம்மன் புண்ணியத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா வாழை மரத்துக்கு முன்னால வந்து நின்னப்போ குதிரை நடுங்கிக்கிட்டே நின்னுச்சு. குருக்கள் அவசர அவசரமா அம்பு போட்டார். வாகனத்தை இறக்கினா போதும்னு எல்லாருக்கும் ஆயிடுச்சு.

சக்கரமா, தோளான்னு அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணப் போறாங்க. அதுக்கு முன்னாடி என் மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். நான் பெரிசா படிச்சவன் இல்ல. எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா ஃபேக்டரியில முப்பது வருஷமா ஆளுங்களுக்கு வேலை கத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். அந்த அனுபவத்துல பேசறேன்.

முதல்ல, விஜயதசமி அன்னைக்கு அம்மன் ஏன் குதிரை ஏறி அம்பு போடுறாள்? நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு இது தெரியல. ஒரு பையன் என்கிட்ட, "அங்கிள், வாழை மரம் என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு கேட்டான். சிரிச்சுட்டேன். ஆனா நியாயமான கேள்விதான்.

ஒன்பது ராத்திரி அம்மன் அசுரனோட போர் செஞ்சு, பத்தாம் நாள் ஜெயிக்கிறாள். அந்த வெற்றிதான் விஜயதசமி. வாழை மரம் அசுரனுக்குப் பதிலா நிக்குது. பல ஊர்ல வன்னி மரத்துல அம்பு போடுவாங்க. பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் போறப்போ ஆயுதங்களை ஒளிச்சு வச்சது வன்னி மரத்துலதான். அதனால ஆயுதத்துக்கும் வன்னிக்கும் அப்படி ஒரு சொந்தம்.

இது நம்ம கோயில்ல நாமளா கண்டுபிடிச்ச வழக்கம் இல்ல. பழனிக்குப் போனவங்களுக்குத் தெரியும். விஜயதசமி அன்னைக்கு மலைக்கோயில்ல இருந்து பராசக்தி வேல் கீழே இறங்கி வரும். முத்துக்குமாரசுவாமி தங்கக் குதிரை வாகனத்துல கோதைமங்கலம் போவார். அங்கே அம்பு போட்டு வன்னிகாசுர வதம் நடக்கும்.

கன்னியாகுமரியில பகவதி அம்மனே வில் எடுக்கிறாள். பாணாசுரனுக்குக் கன்னிப் பெண் கையாலதான் சாவுன்னு வரம். அதனால அம்மன் கன்னியாவே நின்னு அவனை வதம் செஞ்சா. ஒவ்வொரு விஜயதசமிக்கும் அம்மன் குதிரை வாகனத்துல மகாதானபுரம் வரைக்கும் போய் அம்பு எய்துட்டு வருவாள். அந்த விழாவுக்குப் பேரே பரிவேட்டை. பரின்னா குதிரை. குதிரை ஏறிப் போற வேட்டை. முடிச்சுட்டு ராத்திரி திரும்பி வந்து நீராடி, வருஷத்துல சில நாள் மட்டுமே திறக்கிற கிழக்கு வாசல் வழியா கோயிலுக்குள்ள போவாள்.

இதுல ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. வில் அம்மன் கையில. அம்பைக் குருக்கள் போடுறார். சரி, அந்தக் குதிரை எப்படி ஓடுது? அது மரக்குதிரை. தகடு போட்டாலும் பெயிண்ட் அடிச்சாலும் அதுக்குக் கால் ஓடாது. அதை ஓட வைக்கிறது அடியில நிக்கிற ஆளுங்க.

ஸ்ரீரங்கத்துல இதை ரொம்ப அழகா செய்வாங்க. வைகுண்ட ஏகாதசிக்கு அப்புறம் ராப்பத்து எட்டாம் நாள் வேடுபறி. கொள்ளை அடிச்சுக்கிட்டு இருந்த திருமங்கை மன்னன் பெருமாளையே வழிமறிச்சு, கடைசியில ஆழ்வாரா மாறின கதை. நம்பெருமாள் தங்கக் குதிரையில மணல்வெளிக்கு வருவார். தூக்கிக்கிட்டு இருக்கிறவங்க முன்னால ஓடுவாங்க, பின்னால வருவாங்க, பக்கவாட்டுல வளைஞ்சு போவாங்க. நிஜக் குதிரை துள்ளுற மாதிரியே இருக்கும். இதை வையாளின்னு சொல்வாங்க. அங்கே வாகனம் தூக்கறவங்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள்னு பேரு. சும்மா ஓடி வந்து தோள் குடுக்கிற ஆளுங்க இல்ல. வருஷக்கணக்கா சேர்ந்து நடந்து நடந்து பழகினவங்க. அவங்க கால்தான் பெருமாளோட குதிரைக்குக் கால்.

குதிரை மேல இருந்து அம்பு போடுறதை இன்னைக்கு வரைக்கும் சாமி காரியமா செய்யற இன்னொரு நாட்டையும் நான் நேர்ல பார்த்திருக்கேன். ஜப்பான். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி கம்பெனி எங்க நாலு பேரை மெஷின் டிரெய்னிங்குக்கு அங்க அனுப்பினாங்க. மூணு வாரம். அது செப்டம்பர் மாசம். அந்த ஃபேக்டரியில என்கூட நின்ன லைன் லீடர் ஒருத்தர், எனக்கு அப்போ வயசு முப்பத்து சொச்சம், அவருக்கு நாப்பது இருக்கும். செப்டம்பர் 16-ஆம் தேதி லீவு போட்டுட்டு, எங்களையும் காமாகுரான்னு ஒரு ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். அங்க ட்சுருகாவோகா ஹாச்சிமான் கோயில்ல திருவிழா.

ஹாச்சிமான் வில்லுக்கும் போருக்கும் உரிய சாமி. கோயில் வளாகத்துக்குள்ளேயே மண் போட்ட நீளமான ஓட்டப் பாதை, சுமார் 250 மீட்டர். ஓரத்துல மூணு இடத்துல கம்பு நட்டு, மரப்பலகை மாட்டியிருக்காங்க. நம்ம முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலா ஒரு சதுரப் பலகை. பழைய காலத்து வேட்டை உடுப்புல ஒருத்தர் நிஜக் குதிரையில பறந்து வர்றார். ரெண்டு கையும் கடிவாளத்துல இல்ல. வில் ஆள் உயரத்தைவிட நீளம், ரெண்டு மீட்டருக்கு மேல. வாய்விட்டு "இன் யோ, இன் யோ"ன்னு கத்திக்கிட்டே முதல் அம்பை விடறார். டப்புன்னு பலகை உடையுது. முதுகுப்பக்கம் இருந்து அடுத்த அம்பை உருவி மாட்டி ரெண்டாவது. அப்புறம் மூணாவது. மொத்தமா எண்ணி இருபது நொடி இருக்குமோ என்னமோ. முடிஞ்சுது. இதுக்குப் பேரு யபுசாமே.

எனக்கு நம்ம விஜயதசமிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. பலகையும் வாழை மரமும் வேற வேற, அவ்வளவுதான்.

எங்களைக் கூட்டிப் போன லைன் லீடர் எங்கடான்னு தேடினா, அவரும் பழைய காலத்து உடுப்பு போட்டுக்கிட்டு, மூணாவது பலகைக்குப் பக்கத்துல குனிஞ்சு அம்பு பொறுக்கிக்கிட்டு இருக்கார்! அன்னைக்கு முழுக்க அவருக்கு அதுதான் வேலை. சாயங்காலம் ரயில்ல வர்றப்போ, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷுல, "நீங்க எப்போ குதிரை ஏறுவீங்க?"ன்னு கேட்டேன். பயிற்சிக்குப் போய் அஞ்சு வருஷம் ஆச்சாம். திருவிழாவுல இன்னும் ஏறலையாம். "முதல்ல ஒழுங்கா நடக்கணும்"னு சொன்னார். நான் அவர் தமாஷ் பண்றார்னு நினைச்சேன்.

தமாஷ் இல்ல. ஒகசவரான்னு ஒரு குடும்பம் எண்ணூறு வருஷத்துக்கு மேல இந்தக் கலையை வச்சிருக்காங்க. காமாகுராவுல யபுசாமே நடந்தது 1187-ல, மினாமோட்டோ நோ யோரிடோமோங்கிற தளபதி காலத்துல. அந்தக் குடும்பத்து முறையில முதல் பாடம் வில் இல்ல, குதிரையும் இல்ல. உட்காருறது, எழுந்திருக்கிறது, நடக்கிறது, வணங்குறது. அப்புறம் தரையில நின்னு வில் பிடிக்கிறது. அப்புறம் மரக்குதிரை. நிஜமாவே மரத்துல செஞ்ச ஆடாத குதிரை. அதுல ஏறி, அங்கவடியில கால் ஊன்றி, முட்டியை மடக்கி, சேணத்துல உட்காராம உட்கார்ந்த மாதிரி நிக்கப் பழகணும். குதிரை எவ்வளவு துள்ளினாலும் இடுப்புக்கு மேல ஆடக்கூடாது. அதுக்கு அப்புறம்தான் உயிருள்ள குதிரை.

இன்னொண்ணு கேட்டு ஆச்சரியப்பட்டேன். இந்தக் கலையை வச்சு வயித்தைக் கழுவக்கூடாதுன்னு அந்தக் குடும்பத்துல ஒரு கட்டுப்பாடு. தலைவரா இருக்கிறவரே வேற வேலை பார்த்துத்தான் சம்பாதிக்கணும். வர்றவங்களும் ஆபீஸ் ஆளுங்க, படிக்கிற பிள்ளைங்க, ஃபேக்டரி ஆளுங்க. இப்போ பெண்களும் குதிரை ஏறி அம்பு போடுறாங்க. நம்ம பாஷையில சொன்னா தொண்டு.

நடுவுல இந்த யபுசாமே கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. துப்பாக்கி வந்த அப்புறம் யாருக்கு வில் வேணும்? பதினெட்டாம் நூற்றாண்டுல டோக்குகவா யோஷிமுனேங்கிற ஷோகன், பழைய ஏடுகளை எல்லாம் தேடிப் படிக்கச் சொல்லி, திரும்ப உயிர் கொடுத்தார். 1728-ல இன்னைக்கு டோக்கியோ இருக்கிற இடத்துல, அனாஹாச்சிமான் கோயிலுக்கு யபுசாமே நேர்ந்துக்கிட்டு நடத்தினார். எதுக்குன்னு கேளுங்க. அவரோட மகனுக்குப் பெரியம்மை. அது குணமாகணும்னு வேண்டுதல். அம்மைன்னாலே ஆத்தாகிட்ட ஓடி வர்ற ஜனம் நாம. இதைக் கேட்டப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. எந்த ஊரு, எந்தச் சாமின்னாலும் பெத்தவன் வேண்டுதல் ஒரே மாதிரிதான்.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன்.

அவங்களுக்கு மரக்குதிரை பயிற்சிக்கு, நிஜக்குதிரை திருவிழாவுக்கு. நமக்கு மரக்குதிரைதான் திருவிழாவுக்கு. அப்போ பயிற்சி யாருக்கு? அடியில நிக்கிற பதினாறு பேருக்கு. அந்தப் பயிற்சியை நாம ஒரு நாளும் செஞ்சதே இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் யார் வேட்டியில வர்றாங்களோ அவங்களைப் பிடிச்சு நிறுத்தறோம்.

முன்னாடி இது தேவைப்படல. அதையும் யோசிச்சுப் பார்த்தேன். எங்க அப்பா காலத்துல பாகான் டாலாம் ஆளுங்கள்ல நிறைய பேர் துறைமுகத்துல, ரயில்வேயில வேலை செஞ்சவங்க. கப்பல்ல இருந்து மூட்டை இறக்கி இறக்கித் தோள் காய்ச்சுப் போனவங்க. ஒருத்தர் முன்னால, ஒருத்தர் பின்னால, ஒரே அடியில நடக்கிறது அவங்களுக்குத் தினமும் செய்யற வேலை. விஜயதசமி அன்னைக்கு அம்மனைத் தூக்குறது அவங்களுக்குப் புதுசு இல்ல. அப்புறம் எல்லாம் கண்டெய்னர் ஆச்சு, கிரேன் தூக்குது. நம்ம பிள்ளைங்க இப்போ கம்ப்யூட்டர் முன்னால, மெஷின் முன்னால, இல்லாட்டி மோட்டார்ல சாப்பாடு டெலிவரி. சோம்பேறிங்க இல்ல. நல்லா உழைக்கிறாங்க. ஆனா அந்த உழைப்பு தோளுக்கு வரல. தோள் பழகாதவனைத் திடீர்னு கொண்டு வந்து தண்டுக்குக் கீழ நிறுத்தினா, அடுத்த வருஷம் அவன் எப்படி வருவான்?

போன மாசம் நானும் ரெண்டு தம்பிங்களும் பழைய இரும்புக் கடைத் தராசைக் கேட்டு வாங்கி, வாகனத்தைப் பிரிச்சுப் பிரிச்சு நிறுத்துப் பார்த்தோம். குதிரை, பீடம், தண்டு, அம்மன், அலங்காரம், மாலை எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 400 கிலோ. 16 பேர் தூக்கினா ஆளுக்கு 25 கிலோ. ஒரு பெரிய அரிசி மூட்டை. 11 பேர் தூக்கினா ஆளுக்கு 36 கிலோ. அதுவும் எல்லாரும் ஒரே உயரமா இருந்தாத்தான். உயரமானவனும் குள்ளமானவனும் கலந்து நின்னா, குள்ளமானவன் தோளுக்குத் தண்டு படாது. அவன் பங்கும் உயரமானவன் தலையில. அவன் 50 கிலோ சுமப்பான். போன வருஷம் வாகனம் சாய்ஞ்சதுக்குக் காரணம் இதுதான். பக்திக் குறை இல்ல. ஆளை நிறுத்தின முறை.

ஃபேக்டரியில புது ஆள் வந்தா முதல் நாளே மெஷின்ல உட்கார வைக்க மாட்டோம். சுத்தம் பண்ணு, பக்கத்துல நில்லு, பாருன்னு சொல்லுவோம். கையில பழக்கம் வந்த அப்புறம்தான் பொத்தானை அமுக்க விடுவோம். கேவலம் ஒரு பிளாஸ்டிக் சாமானுக்கு அவ்வளவு செய்யறோம். அம்மனைத் தோள்ல வைக்கிறதுக்கு ஒண்ணும் செய்ய மாட்டோமா?

அதனால எனக்குத் தோணின திட்டம் இது. விஜயதசமிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கு. பத்து சனிக்கிழமை. சாயங்காலம் 5 மணியில இருந்து 7 மணி வரைக்கும் கோயில் பின்பக்கத் திடல்ல கூடுவோம்.

முதல் ரெண்டு வாரம் வாகனத்தைத் தொட மாட்டோம். வெறும் மூங்கில் தண்டு மட்டும். உயரத்தைப் பார்த்து ஜோடி சேர்ப்போம். இடது கால் முதல்ல. எல்லாரும் ஒரே அடி. அடுத்த வாரங்கள்ல தண்டுல மணல் மூட்டை கட்டுவோம். முதல்ல 100 கிலோ, அப்புறம் 200, கடைசியில 400. திரும்புற இடத்துல உள்பக்கம் நிக்கிறவங்க குட்டி அடி, வெளிப்பக்கம் நிக்கிறவங்க பெரிய அடி. இதை மட்டும் ஒரு வாரம் பழகணும். வலது தோள்ல இருந்து இடது தோளுக்கு மாத்துறது ஒரு வாரம். அசையாம நிக்கிறது ஒரு வாரம். குருக்கள் நாணை இழுத்து விடற வரைக்கும் குதிரை கல்லு மாதிரி நிக்கணும். நம்ம வேலையிலேயே கஷ்டமானது அதுதான். நடக்கிறது சுலபம்.

தோள் குடுக்க முடியாதவங்களுக்கும் வேலை இருக்கு. முன்னால கயிறு பிடிச்சு வழி விலக்கணும். ஊன்றுகட்டை தூக்கிக்கிட்டு வரணும். தண்ணி குடுக்கணும். கடைசியில அம்பு பொறுக்கணும். அம்பு பொறுக்கறதைக் கேவலமா நினைக்காதீங்க. அஞ்சு வருஷம் பொறுக்கின ஒரு மனுஷனை நான் பார்த்திருக்கேன். அன்னைக்கு அந்தக் கூட்டத்துலேயே சந்தோஷமான முகம் அவரோடதுதான்.

பெண் பிள்ளைங்களைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம கோயில்ல சிலம்பம் கத்துக்கிற பொண்ணு ஒண்ணு என்கிட்ட கேட்டுச்சு: "அங்கிள், வில்லை மட்டும் அம்மன் எடுக்கலாமா? எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" விஜயதசமி அன்னைக்கு யார் யார் தண்டுக்குக் கீழ நிக்கலாம்னு குருக்களும் பெரியவங்களும் சொல்லட்டும். அது என் முடிவு இல்ல. ஆனா பயிற்சிக்கு யாரும் வரலாம். அந்தப் பொண்ணை நான் தாளம் குடுக்கச் சொல்லியிருக்கேன். சிலம்பத்துல அடி வரிசை எண்ணிப் பழகின குரல். பதினாறு ஆம்பளைங்க அது சொல்ற தாளத்துக்குத்தான் கால் எடுத்து வைக்கணும். ஒரு ட்ரையல் பார்த்தோம். என்னையே ரெண்டு தடவை "அங்கிள், கால் தப்பு"ன்னு நிறுத்திடுச்சு!

சக்கரம் வேணாம்னு நான் அடம் பிடிக்கல. வயசானவங்க மட்டும் இருக்கிற கோயில்ல, ஆளே இல்லாத எஸ்டேட் கோயில்ல, சக்கரம் வச்சுத் தள்ளினாலும் அம்மன் ஏத்துக்குவாள். அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா இங்க நம்ம பிளாட்டுகள்லேயே பதினாறு வயசுல இருந்து முப்பது வயசு வரைக்கும் எத்தனை பிள்ளைங்க இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. சாயங்காலம் படிக்கட்டுல உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கிறவங்களை எனக்கு முகம் தெரியும். சில பேரை வேற ஆளுங்க வந்து வேற வேலைக்குக் கூப்பிடறதும் தெரியும். அந்த ஆளுங்க வேலை குடுக்கிறாங்க, கூட்டம் குடுக்கிறாங்க, நீ எங்க ஆளுன்னு சொல்றாங்க. நாம என்ன சொல்றோம்? "ஓரமா நில்லு, வாகனம் வருது"ன்னு சொல்றோம்.

சக்கரம் வச்சா அம்மன் பத்திரமா போயிடுவாள். அந்தப் பதினாறு இடம் போயிடும். ஒரு தடவை போனா, திரும்பக் கொண்டு வர்றதுக்கு யாராவது ஒரு ஷோகன் வந்து ஏடு தேடணும். நம்மகிட்ட ஏடும் கிடையாது. எப்படி நிக்கணும், எப்படித் திரும்பணும்னு எழுதி வச்ச ஒரு தாளும் கிடையாது. இந்த வருஷம் அதையும் எழுதிடப் போறேன். யார் எந்த இடம், எத்தனை அடி, எங்க தோள் மாத்தணும்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதி, கோயில் ஆபீஸ்ல வச்சிடுவேன்.

அடுத்த கூட்டம் வர்றதுக்கு முன்னாடி எனக்கு 16 பேர் வேணும். கூடவே மாத்தாளா ஒரு எட்டுப் பேர். பேர் குடுத்துட்டு வராம இருக்கிறவங்க வேணாம். பத்து சனிக்கிழமையில எட்டாவது வர முடியும்னா சொல்லுங்க. ஷிப்ட் வேலை செய்யறவங்க முதல்லயே சொல்லிடுங்க. எனக்கு ஷிப்ட் அட்டவணை போடுறது பழகின வேலை, மாத்தி மாத்திப் போட்டுடலாம். பயிற்சி முடிஞ்சதும் கொண்டைக்கடலையும் தேத்தண்ணியும் உண்டு. அதுக்கு உபயம் பண்றேன்னு ஒரு அக்கா இப்போவே சொல்லிட்டாங்க.

முதல் சனிக்கிழமைக்கு வேட்டி வேணாம். கால்சட்டை போட்டு, செருப்பில்லாம வாங்க. தோளுக்கு ஒரு தடிமனான துண்டு எடுத்துக்கிட்டு வாங்க.

இதுவரைக்கும் எழுதிக் குடுத்தவங்க ஒன்பது பேர். என்னையும் சேர்த்து.

ஓம் சக்தி.